சீ.ஆர். கொப்பியில் விடுபட்ட கணக்கு: ஹட்டன் நகரில் பெட் கட்டிப் பிழைக்க முயன்ற இளைஞன், ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் இளைஞனைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை நகரங்களில் இதே வழியில் போய்ச் சிக்கிய பலரிடம் கண்டதையும் கேட்டதையும் ஒருவனுடைய வாழ்க்கையாகக் கோத்திருக்கிறேன். யாரையும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக வயது, தொகை, தொழில் விவரங்களை மாற்றியிருக்கிறேன். பணம் நடக்கும் விதத்தையும் அது ஒருவனைப் பிடித்துக்கொள்ளும் விதத்தையும் மாற்றவில்லை.

இப்படிச் சிக்கியவர்களுக்கு உதவும் எங்களிடம் முதலில் வந்தவர் அவனுடைய அக்கா. கையில் இரண்டு அடகுத் துண்டு. அம்மாவின் தோடும் சங்கிலியும் அலுமாரியில் இல்லை, மீட்கும் திகதி நெருங்குகிறது, தம்பி போனை அணைத்துவிட்டு போர்டிங்கில் படுத்திருக்கிறான், வாசலுக்கு ஆட்கள் வந்து வந்து போகிறார்கள். "குடிக்க மாட்டான், சிகரெட் இல்ல, கெட்ட சகவாசம் இல்ல. காசு எங்க போச்சுன்னே தெரியலங்க" என்றார். இதே வார்த்தையை மலையகத்தில் இப்போது பல வீடுகளில் கேட்கலாம். குடி என்றால் வாசலிலேயே மணக்கும், வீட்டுக்குத் தெரிந்துவிடும். பெட், அதாவது போனில் விளையாட்டுப் போட்டிகளுக்குக் காசு வைத்துக் கட்டும் பந்தயம், மணக்காது.

பின்னணி

வயது 26. டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறித்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவர். தம்பி உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. மூன்று பாடமும் சித்தி, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குத்தான் எட்டவில்லை. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதினான். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். சரக்கு வராத கடையில் கணக்கு எழுத என்ன இருக்கிறது? ஆள் குறைத்தார்கள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டான்.

வந்தவன் தோட்டத்துக்குப் போகவில்லை. உயர்தரம் படித்துவிட்டு, தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பதை அவனைவிட அம்மா விரும்பவில்லை. தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகி, 2024இல் 1,350 ஆனது. ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள்; கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான். அந்தக் கணக்கிலிருந்து பிள்ளையை வெளியே அனுப்பத்தான் அவர் அத்தனை வருடம் மலை ஏறினார். ஆகவே தம்பி ஹட்டன் மல்லியப்புப் பக்கம் ஒரு போர்டிங்கில் அறை எடுத்தான். நான்கு பேர். ஒருவன் வாடகை ஆட்டோ ஓட்டுபவன், ஒருவன் போன் திருத்துபவன், ஒருவன் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருப்பவன். வேலை தேடவில்லை என்று அவனை யாரும் சொல்ல முடியாது. வர்த்தமானி விளம்பரங்களுக்கு அனுப்பிய பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகளை ஒரு உறையில் சேர்த்து வைத்திருந்தான். நாட்டில் வேலையின்மை 5 சதவீதத்துக்குக் கீழே என்று அரச கணக்கெடுப்பு சொல்லும் காலத்திலும், 15 முதல் 24 வயதுவரை அது 20 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. அந்த வயதைத் தாண்டியும் காத்திருப்பவர்களில் இவன் ஒருவன்.

பெட் எப்படி வேலையானது

மலையக நகரங்களுக்குப் பந்தயம் புதிதில்லை. அப்பாக்களின் காலத்திலிருந்தே ரேஸ் புக்கி இருக்கிறது. இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கு இங்கே துண்டு எழுதிக் காசு கட்டுவார்கள். ஏப்ரல் சீசனில் நுவரெலியாத் திடலில் குதிரை ஓடுவதைப் பார்க்கக் குடும்பமாகவே போவார்கள். ஆனால் புக்கிக்குக் கதவு உண்டு, பூட்டும் நேரம் உண்டு, உள்ளே போகிறவனைப் பார்த்து வீட்டில் சொல்ல ஆளும் உண்டு. போனில் இவை ஒன்றும் இல்லை. கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, பாடம் கேட்பதற்கென்று கடன்பட்டு வாங்கிய போன்கள்தான் லயத்துக் காம்பராக்களுக்குள் இணையத்தைக் கொண்டுவந்தன. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை ஏறிய அதே இடங்களில் நின்றுதான் சில வருடங்களுக்குப் பின் அண்ணன்மார் ஒட்ஸ் (வென்றால் போட்ட காசு எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற எண்) பார்த்தார்கள்.

தம்பி டன்பார் மைதானத்தில் மென்பந்துப் போட்டிகளில் ஆடியவன். கிரிக்கெட் தெரிந்தவன். அறைத் தோழன் காட்டிய செயலியில் 500 ரூபா போட்டான், சில ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டியதில் 8,400 வந்தது. அம்மாவுக்கு ரைஸ் குக்கர் வாங்கிக் கொடுத்தான். ஆபத்தின் முதல் படி எது என்று கேட்டால் தோல்வியைச் சொல்ல மாட்டேன், அந்த ரைஸ் குக்கரைச் சொல்வேன். உழைத்தால் இதில் வீட்டைப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை அந்த நாளில் வந்தது.

அதன் பிறகு அவன் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் சோம்பேறி என்ற சொல்லை யாரும் எடுக்க முடியாது. காலையில் அவுஸ்திரேலியா ஆட்டங்கள். மாலை 7.30க்கு ஐ.பி.எல்.; இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம். இரவில் இங்கிலாந்துக் கால்பந்து. விடிய முன் மேற்கிந்தியத் தீவுகள். ஆடுகளம், பனி, வலக்கை இடக்கை என்று எல்லாவற்றையும் 160 பக்க சீ.ஆர். கொப்பியில் எழுதினான். "அக்கா, நான் சூது ஆடலக்கா. கணக்குப் பாத்துத்தான் போடுறேன்" என்றுதான் என்னிடம் முதல் நாள் பேசத் தொடங்கினான். அவன் பொய் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பிள்ளையிடம் சூது கெடுதல், மகாபாரதத்தில் பார் என்று ஆரம்பித்தால் அவன் எழுந்து போய்விடுவான், போவது நியாயமும்தான். தன்னை ஒரு தொழிலில் இருப்பவனாக நினைக்கிறவனிடம் அந்தத் தொழிலின் கணக்கைத்தான் பேச வேண்டும்.

கொப்பி

கொப்பியைத் தரச் சொன்னேன். திகதி, அணி, ஒட்ஸ், போட்ட காசு, வந்த காசு என்று ஐந்து நிரல்கள். வென்றது பச்சை, தோற்றது சிவப்பு. பச்சைதான் அதிகம். மூன்றில் இரண்டு வென்றிருந்தான். இவ்வளவு வென்றும் காசு ஏன் தங்கவில்லை என்பதே அவனுக்குப் புரியாத இடம். தனக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அவன் பெரும்பாலும் கட்டியது பலமான அணியின் மேல், ஒட்ஸ் 1.40 அளவில். ஆயிரம் ரூபாவுக்கு வென்றால் 1,400 திரும்பும். மூன்று பெட்டுக்கு 3,000 போட்டு இரண்டில் வென்றால் கைக்கு வருவது 2,800. இருநூறு நட்டம். 1.40இல் போட்ட காசையாவது காப்பாற்ற வேண்டுமானால் நூற்றுக்கு 71க்கு மேல் வெல்ல வேண்டும். பச்சை மை நிறைந்த பக்கம் நட்டப் பக்கமாக இருப்பது இப்படித்தான்.

டொஸ்ஸை எடுத்துக்கொள்வோம், அங்கே திறமைக்கு இடமே இல்லாததால் செயலியின் பங்கு வெளிச்சமாகத் தெரியும். இரண்டு பக்கத்துக்கும் சம வாய்ப்பு, நியாயமான ஒட்ஸ் 2.00. செயலி இரண்டுக்கும் 1.90 போடுகிறது. இருவர் ஆளுக்கு ஆயிரம் கட்டினால் 2,000 உள்ளே போகிறது, வென்றவனுக்கு 1,900 வெளியே வருகிறது, நூறு நின்றுவிடுகிறது. 2022இலிருந்து ஐ.பி.எல். பருவத்துக்கு 74 ஆட்டங்கள் என்றானது. ஒவ்வொரு டொஸ்ஸுக்கும் ஆயிரம் கட்டுகிறவன் சராசரியாக 3,700 ரூபாவை விட்டுவிட்டுத்தான் வெளியே வருவான். இது சிறிய தொகை, பலர் இதைத் தாங்கிக்கொள்வார்கள். செயலிகள் உண்மையில் தள்ளுவது பல ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டும் பெட்டை. 1.90இல் ஐந்தைச் சேர்த்தால் ஆயிரத்துக்கு 24,760 என்று திரையில் மின்னும். ஐந்தும் சரியாக வருவதற்கு 32இல் ஒரு வாய்ப்பு, ஆகவே நியாயமாக வர வேண்டியது 32,000. தனி ஆட்டத்தில் ஆயிரத்துக்கு 50 எடுத்தவன் ஐந்தைச் சேர்த்ததும் 226 எடுக்கிறான். அவனுக்கு ரைஸ் குக்கர் வாங்கிக் கொடுத்ததும் இதே வகைப் பெட்தான்.

ஆட்டம் நடக்கும்போதே கட்டுவது இன்னொன்று. ஹட்டனில் போன் திரையில் வரும் பந்து மைதானத்தில் எப்போதோ விழுந்து முடிந்த பந்து. படம் வந்துசேரச் சில விநாடிகள், சிலவேளை அரை நிமிடம்வரை பிந்துகிறது. விக்கெட் விழுந்தது செயலிக்கு முதலில் தெரியும், உடனே ஒட்ஸைப் பூட்டிவிடும். தம்பி இதை ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், நெட் ஸ்லோ என்று நினைத்து டேட்டா பெக்கேஜை மாற்றியிருக்கிறான்.

டெலிகிராம் குழுக்களின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்த பிள்ளைகள் அங்கேதான் அதிகம் விழுகிறார்கள். ஃபிக்ஸ் மெட்ச், அதாவது முடிவு முன்கூட்டியே பேசி வைக்கப்பட்ட ஆட்டம், தருகிறோம் என்று விற்பார்கள். 2019இல் இலங்கை ஆட்ட நிர்ணயத்தைக் குற்றமாக்கிப் பத்து வருடம்வரை சிறை வைக்கும் சட்டம் கொண்டுவந்தது. 2024 மே மாதம் லங்கா பிரீமியர் லீக் அணியொன்றின் உரிமையாளர் அந்தச் சட்டத்தின் கீழ் கைதானார். குழு நடத்துகிறவன் இந்தச் செய்தியையே சாட்சியாகக் காட்டுவான்: பாத்தீங்களா, ஃபிக்ஸிங் இருக்கு, நமக்கு ஆள் இருக்கு. நிரூபிக்க அவனுக்கு ஆளே தேவையில்லை. 800 பேரில் 400 பேருக்கு ஓர் அணி, மற்ற 400 பேருக்கு மறு அணி வெல்லும் என்று அனுப்புவான். தோற்ற பாதியை விட்டுவிட்டு மீதியை மறுபடி இரண்டாகப் பிரிப்பான். நான்கு ஆட்டம் முடிந்ததும் 50 பேர் கையில் நான்கும் சரியாக வந்த செய்தி இருக்கும். அந்த 50 பேரும் ஐந்தாவதற்குக் காசு கட்டுவார்கள். தம்பி அப்படி ஒரு 50க்குள் இருந்தான்.

கொப்பியில் ஒரு நிரல் இல்லை. வங்கியிலிருந்தும் போன் பணப்பையிலிருந்தும் செயலிக்குள் எவ்வளவு போட்டான், எவ்வளவு வெளியே எடுத்தான் என்பதை எங்கேயும் எழுதவில்லை. புறக்கோட்டையில் ஒரு ரூபா பிசகாமல் கணக்கு எழுதியவன் தன் வீட்டுக் கணக்கில் அந்த ஒன்றை மட்டும் விட்டிருந்தான். நான் இதுவரை பார்த்த இப்படிப்பட்ட கொப்பிகள் எல்லாவற்றிலும் விடுபட்டது அதே நிரல்தான்.

ஏஜென்ட்

வெளிநாட்டுச் செயலிக்குக் காசு போவது உள்ளூர் ஆள் வழியாக. ஆடுகிறவன் ஏஜென்ட்டின் வங்கிக் கணக்குக்கோ போன் பணப்பைக்கோ அனுப்புவான், ஏஜென்ட் அவனுடைய ஆட்டக் கணக்கில் ஏற்றிவிடுவான். வென்றால் அதே வழியில் திரும்பும். ஏஜென்ட்டுக்கு ஏற்றும் தொகையில் சில சதவீதம். தனக்குத் தந்த சேர்க்கை எண்ணான கோட் மூலம் ஆள் சேர்த்தால், அந்த ஆள் தோற்கும் பணத்தில் ஒரு பங்கு.

2024 கடைசியில் தம்பிக்கு இந்த வேலை வந்தது. நிறைய ஆடுகிறவன், நண்பர் வட்டம் உள்ளவன், கணக்குத் தெரிந்தவன், காசுக்கு நெருக்கடியில் இருக்கிறவன், அப்படிப்பட்டவனைத்தான் தேடுவார்கள். அவனுடைய கொப்பியில் மாதக் கடைசியில் மீதி நின்ற காலம் அந்த நான்கைந்து மாதம் மட்டுமே. அம்மாவின் காம்பராவுக்குக் கூரைத் தகரம் மாற்றினான்.

இந்த ஆய்வில் நான் வாசகரிடம் வைக்க விரும்பும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. கிரிக்கெட் அறிவால் அவன் சம்பாதிக்கவில்லை. இரவெல்லாம் விழித்த உழைப்பால் சம்பாதிக்கவில்லை. நட்பு வட்டத்தை உள்ளே கொண்டுவந்தபோதுதான் சம்பாதித்தான். அவனுடைய வட்ஸ்அப் பட்டியலில் கூட ஆடிய மென்பந்துக் குழு, போர்டிங் தோழர்கள், பக்கத்து லயத்து ஆட்டோ அண்ணன், உயர்தரம் படிக்கும் ஒரு பையன் இருந்தார்கள். பெட்டில் ஒழுங்காக வருமானம் பார்க்கிறேன் என்று சொல்லும் பையன்களிடம் நிதானமாகக் கேட்டுப் பார்த்தால், கடைசியில் அவர்கள் ஏஜென்ட்டாகவோ ஆள் சேர்ப்பவராகவோ குழு நடத்துபவராகவோ இருப்பார்கள். ஆடி வெல்கிறவன் ஒருவன் உண்மையிலேயே வந்தால் அவன் கட்டக்கூடிய தொகையைச் செயலிகள் குறைத்துவிடும். காசை எடுக்கப் போகும்போது அடையாள அட்டை கேட்டு நாட்களை இழுக்கும்.

கணக்கு முடங்கியது

2025 தொடக்கத்தில் மேலே இருந்த ஏஜென்ட் ஒருவன், உன் கணக்குக்கு ஒரு பெரிய தொகை வரும், அதைக் கிரிப்டோவாக மாற்றி அனுப்பு என்றான். தம்பி தெரியாத பெயரிலிருந்து வந்த 1 இலட்சத்து 85 ஆயிரத்தை மாற்றி அனுப்பிவிட்டான். அது வேறொரு மாவட்டத்தில் தொலைபேசி மோசடியில் ஏமாந்த ஒருவரின் சேமிப்பு. அவர் பொலிஸுக்குப் போக, பணம் போன வழியைப் பார்த்து வங்கி தம்பியின் கணக்கை முடக்கியது. வாக்குமூலம் கொடுக்க அழைத்தார்கள்.

இது அவனுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 2024 ஒக்டோபரில் கண்டி குண்டசாலையில் ஒரு ஹோட்டலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட சீன நாட்டவர்கள் இணைய நிதி மோசடிச் சந்தேகத்தில் கைதானார்கள். இப்படிப்பட்ட மோசடிகளுக்கு முதலில் தேவைப்படுவது உள்ளூர்ப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. பெட் ஏஜென்ட்டின் கணக்கில் தெரியாத பெயர்கள் வருவதும் போவதும் வழக்கம் என்பதால் திருட்டுப் பணத்தை அதற்குள் மறைப்பது சுலபம். சந்தேகமான கொடுக்கல் வாங்கலை வங்கிகள் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் சட்டம். கணக்குப் புத்தகம், கார்ட், சிம் எதையும் யாருக்கும் வாடகைக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஆடியவன் காசை இழப்பான். கணக்கைக் கொடுத்தவன் வழக்கில் நிற்பான்.

முடங்கிய கணக்குக்குள் நண்பர்கள் வென்ற பணம் மாட்டிக்கொண்டது. அவர்கள் வாசலுக்கு வந்தார்கள். வாயை அடைக்க அடகு வைத்தான், வட்டிக்கு எடுத்தான். எடுத்ததில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, மீதியை இரட்டிப்பாக்கலாம் என்று மறுபடி கட்டினான். அம்மா 50 வயது கடந்து வேலையிலிருந்து நின்று எடுத்த ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்தில் 2 இலட்சமும் இதே வழியில் போனது. அம்மா இப்போது கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிறார்.

நாங்கள் செய்தது

முதல் சந்திப்பில் கடனைப் பற்றி நான் பேசவில்லை. "நான் இல்லாட்டி எல்லாம் முடிஞ்சிடுமேக்கா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அதைக் கேட்ட பிறகு மற்றதெல்லாம் பின்னுக்குப் போக வேண்டும். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். ஆமாம் என்றான். அன்று இரவிலிருந்து அக்காவின் வீட்டில் தங்க வைத்தோம், தனியே விடவில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அக்காவின் போனில் பதிந்து வைத்தோம், மறுநாள் அரச வைத்தியசாலையில் வைத்தியரிடம் காட்டினோம். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் கட்டுப்பாடிழந்த சூதாட்டம் ஒரு கோளாறாகவே இடம்பெற்றிருக்கிறது; 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆவது பதிப்பில் அது அடிமைப்படுத்தும் பழக்கங்களோடு வைக்கப்பட்டுள்ளது. வைத்தியர் இதை அவனுக்கு விளக்கியபோது, தான் ஒரு கெட்டவன் என்ற எண்ணம் கொஞ்சம் தளர்ந்ததை அக்கா கவனித்திருக்கிறார்.

இரண்டாவது, விடுபட்ட நிரல். வங்கியிலிருந்தும் போன் பணப்பையிலிருந்தும் அறிக்கைகளை எடுத்து அச்சடித்தோம். ஏஜென்ட் வேலைக்கு முந்திய காலத்தை மட்டும் எடுத்தோம். உள்ளே போட்டதை ஒரு நிறத்தாலும் வெளியே எடுத்ததை இன்னொரு நிறத்தாலும் அவனே குறித்தான், அவனே கூட்டினான். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே போனது 9 இலட்சத்து 60 ஆயிரம். வெளியே வந்தது 6 இலட்சத்து 5 ஆயிரம். வித்தியாசம் 3 இலட்சத்து 55 ஆயிரம். மறுபடி கூட்டினான், அதே தொகை. பிறகு என்னைக் கேட்காமலே அதை 1,350ஆல் வகுத்தான். "263 பேர்" என்றான். அம்மா மலையேறி முழுப் பேர் வாங்கிய 263 நாள்.

புத்திமதி சாதிக்காததை அந்த வகுத்தல் சாதித்தது. உங்கள் வீட்டில், வகுப்பில், சங்கத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் போனைப் பிடுங்கும் முன் அறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள், கூட்டுவதை அவன் கையிலேயே விடுங்கள்.

மூன்றாவது, கடன்காரர்கள். அடகு 1 இலட்சத்து 10 ஆயிரம், வட்டிக்காரர் 60 ஆயிரம், நண்பர்கள் 2 இலட்சத்து 40 ஆயிரம். மொத்தம் 4 இலட்சத்து 10 ஆயிரம். அம்மாவின் 2 இலட்சத்தையும் எழுதப்போனான். "அத எழுதாத" என்று அம்மா தடுத்துவிட்டார். நண்பர்களை ஒரு ஞாயிறு பின்னேரம் ஒன்றாக உட்கார வைத்தோம். கோபத்தோடு வந்தவர்களில் பாதிப் பேர், தங்கள் காசும் இதே போலத்தான் போயிருக்கிறது என்று பேசத் தொடங்கினார்கள். உயர்தரப் பையனுக்கு முதலில் கொடுப்பது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

செயலியை நீக்குவது, தளத்தைத் தடுப்பது போன்றவற்றால் பெரிய பயன் இல்லை. ஒரு முகவரியை மூடினால் குழுவில் இன்னொன்று வரும். பலன் தந்தது காசின் பக்கத்தை மூடியதுதான். சம்பளம் அக்காவின் கணக்குக்குப் போகும்படி செய்தோம், போனில் வங்கிச் செயலி இல்லை, பழைய எண் மாறியது. வேலை கிடைத்ததும் அவனுடைய கணக்கறிவால்தான். நகரில் ஒரு இரும்புக் கடையில் சரக்கிருப்புப் பதிவேடு எழுத ஆள் தேவைப்பட்டது, மாதம் 42,000. முதலாளியிடம் எதையும் மறைக்காமல் சொன்னோம். கல்லாப்பெட்டியைக் கொடுக்க மாட்டேன், பதிவேட்டைக் கொடுக்கிறேன் என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

2025 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணம். துபாயில் இந்தியாவும் பாகிஸ்தானும் மூன்று ஞாயிறு மோதின: 14, 21, 28. ஹட்டன் கடைகளில் அந்த மாதம் வேறு பேச்சு இல்லை. தம்பி ஒரு நண்பனின் போனிலிருந்து முதல் ஞாயிறு கொஞ்சம் கட்டி வென்றான். இரண்டாவதிலும் வென்றான். மூன்றாவது இறுதிப் போட்டி. கடையில் முற்பணமாக 18,000 வாங்கி, 10,000ஐ இந்தியாமேல் போட்டான். பாகிஸ்தான் 146க்குச் சுருண்டது. எல்லாம் முடிந்த மாதிரித்தான். அப்போது இந்தியா 20 ஓட்டத்துக்கு 3 விக்கெட். பயந்துபோய், ஆட்டம் முடியும் முன்பே பெட்டை விட்டு வெளியேறச் செயலி காட்டிய கேஷ் அவுட்டை அழுத்தினான், பாதிக்கும் குறைவாகத்தான் திரும்பியது. அதையும் கையிலிருந்த 8,000ஐயும் சேர்த்துப் பாகிஸ்தான்மேல் வைத்தான். இரண்டு பந்து மீதமிருக்க இந்தியா ஐந்து விக்கெட்டால் வென்றது. முதலில் கட்டியதைத் தொடாமல் விட்டிருந்தாலே வென்றிருப்பான்.

மறுநாள் திங்கள் காலை, கடைக்குப் போகும் முன் அவனாகவே எங்களிடம் வந்தான். கடன் தாளில் 18,000ஐ அவன் கையாலேயே எழுதினான்: 4 இலட்சத்து 28 ஆயிரம். முன்பு மாதக்கணக்காக மறைத்தவன், இம்முறை ஒரு இரவுக்கு மேல் மறைக்கவில்லை. இந்தக் கோளாறில் வழுக்குவது நடக்கும். வழுக்கலுக்கும் சொல்வதற்கும் இடையில் இருக்கும் காலம் குறைகிறதா என்பதைத்தான் குடும்பங்கள் பார்க்க வேண்டும். அன்று அக்கா அவனைத் திட்டியிருந்தால் அடுத்த முறை அவன் வந்திருக்க மாட்டான்.

நகரத்துக்கு ஒரு வார்த்தை

2025 ஆகஸ்டில் இலங்கைப் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கும் சட்டமூலத்தை நிறைவேற்றியது. அதே மாதம் இந்தியா பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைச் சட்டம் போட்டே தடுத்தது. சட்டம் வேண்டும். ஆனால் ஹட்டனில் ஒரு தம்பிக்குக் காசு ஏற்றிக்கொடுப்பவன் பக்கத்து அறைத் தோழனாக இருக்கும்போது, கொழும்பில் இருக்கும் அதிகாரசபை எப்போது வந்துசேரும்? மென்பந்துச் சுற்றுப்போட்டி நடத்தும் இளைஞர் கழகங்கள் முதலில் தங்கள் வட்ஸ்அப் குழுக்களிலிருந்து பெட் லிங்க்குகளை நீக்க வேண்டும், செயலிகள் தரும் ஜேர்சியையும் கிண்ணத்தையும் வாங்காமல் விட வேண்டும். உயர்தர வர்த்தக ஆசிரியர்கள் ஒட்ஸை நிகழ்தகவுக் கணக்காகக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். மூன்றில் இரண்டு வென்றவன் எப்படித் தோற்றான் என்பது ஒரு பாடவேளைக்குள் முடிகிற கணக்கு. நகரக் கடை முதலாளிகளிடம் எனக்குள்ள கோரிக்கை இதுதான்: பதிவேடு, சரக்கிருப்பு, விநியோகக் கணக்கு எழுத எங்கள் பிள்ளைகளில் திறமையானவர்கள் இருக்கிறார்கள். இரவு முழுக்க விழித்து 160 பக்கம் எழுதிய பொறுமையை இதுவரை கேட்டு வாங்கிக்கொண்டவை அந்தச் செயலிகள் மட்டும்தான்.

இப்போதைய நிலை

ஒக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் 15,000 வீதம் ஆறு தவணை கட்டியாகிவிட்டது. 90,000 கழிந்து மீதி 3 இலட்சத்து 38 ஆயிரம். உயர்தரப் பையனின் பணம் முதல் தவணையிலேயே தீர்ந்தது, வட்டிக்காரரின் கணக்கும் முடிந்துவிட்டது. அடகில் சங்கிலிக்கு வட்டி கட்டிப் புதுப்பித்திருக்கிறோம். தோடு ஏலத்தில் போய்விட்டது. பொலிஸ் விசாரணை முடியவில்லை, வங்கிக் கணக்கு இன்னும் முடக்கத்தில்தான். சட்ட உதவிக்கான விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். ஐ.பி.எல். நடக்கும் இரண்டு மாதமும் போர்டிங்கை விட்டு அம்மாவோடு தோட்டத்தில் தங்கி, பட்டன் போனோடு பஸ்ஸில் வேலைக்கு வந்து போவதாக அவனே முடிவெடுத்திருக்கிறான். வைத்தியரின் கிளினிக் மாதத்துக்கு ஒரு முறை. அடுத்த தவணை 10ஆம் திகதி, அது ஆட்டோ அண்ணனுக்கு.